மனையும் வீடும்: குடும்ப வரவு செலவுத் திட்டத்தில் நிலத்தின் பங்கு

இந்தியக் குடும்பங்களின் செல்வம் பெரும்பாலும் நிலமாகவும் கட்டடமாகவுமே உள்ளது. 2019-ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட அகில இந்தியக் கடன்-முதலீட்டு ஆய்வின்படி, ஊரகத்திலும் நகரத்திலும் குடும்பச் சொத்தின் மதிப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு இவ்விரண்டில் அடங்கியுள்ளது. வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஒரு முறை செய்யப்படும் இந்த முதலீட்டை எத்தனையோ குடும்பங்கள் எழுத்து மூலமான கணக்கு எதுவுமின்றித் தொடங்குகின்றன. அதன் விளைவை நாட்டின் வளர்ந்துவரும் நகரங்களின் புறப்பகுதிகளில் காணலாம். தளம் போட்டதோடு நின்றுபோன வீடுகள், பூசப்படாத சுவர்கள், மழையில் நனைந்து துருவேறும் கம்பிகள் ஆகியவை அங்கு அரியவை அல்ல. அவ்வாறு நின்றுபோன வீட்டுக்கு உரிய குடும்பம் ஒருபுறம் கடன் தவணையும் மறுபுறம் வாடகையும் செலுத்திக்கொண்டிருக்கும்.

வீடு பாதியில் நிற்பதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் சிமெண்டு, கம்பி, கூலி ஆகியவற்றின் விலையேற்றமாகும். அது உண்மையே, எனினும் முழு உண்மை அன்று. பல நேர்வுகளில் பற்றாக்குறை மனை வாங்கிய நாளன்றே தொடங்கிவிடுகிறது. கையிலுள்ள பணத்தில் அளவுக்கு மீறிய பங்கை நிலம் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதில் வீடு கட்ட வேண்டிய நிலை ஏற்படுகிறது. எனவே, மனை வாங்கிய பின்னர்க் கணக்குப் போடுவதை விடுத்து, கணக்குப் போட்ட பின்னர் மனை தேடுவதே முறையாகும்.

முடிவிலிருந்து தொடங்கும் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை விளக்கலாம். இதில் வரும் தொகைகள் கணக்கு முறையைக் காட்டுவதற்கு மட்டுமே; விலைகள் இடத்துக்கு இடம் மாறுபடும். மாவட்டத் தலைநகர் ஒன்றில் வாழும் ஊழியர் குடும்பத்திடம் 9 இலட்சம் ரூபாய் சேமிப்பு உள்ளது. வருவாயை நோக்கி வங்கி 15 இலட்சம் ரூபாய் கடன் வழங்க இசைகிறது. ஆக மொத்த வசதி 24 இலட்சம். குடும்பத்துக்குத் தேவை 700 சதுர அடி வீடு. சதுர அடிக்கு 2,000 ரூபாய் எனக் கொண்டால் கட்டுமானச் செலவு 14 இலட்சம்.

இக்குடும்பத்துக்கு 9 இலட்சம் ரூபாயில் ஒரு மனை கிடைக்கிறது. 24-இல் 9 போக 15 இலட்சம் எஞ்சும். வீட்டுக்கு 14 இலட்சம் போதும். ஒரு இலட்சம் மிச்சம் என்று மனக்கணக்கு கூறும். எழுதிப் பார்த்தால் நிலைமை வேறு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 8 விழுக்காடு எனில் 72,000 ரூபாய். வழக்கறிஞர் ஆய்வு, நில அளவை முதலியவற்றுக்கு 16,000 ரூபாய். வரைபட ஒப்புதல், மின் இணைப்பு, ஆழ்துளைக் கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு 1 இலட்சத்து 40 ஆயிரம். கட்டுமானம் நடைபெறும் பத்து மாதங்களுக்கு வாடகை 60,000 ரூபாய். இவை அனைத்தும் போக வீட்டுக்கு எஞ்சுவது 12 இலட்சத்து 12 ஆயிரம் மட்டுமே. தொடக்கத்திலேயே 1 இலட்சத்து 88 ஆயிரம் குறைகிறது. கட்டுமானச் செலவு பத்து விழுக்காடு உயர்ந்தால் பற்றாக்குறை 3 இலட்சத்து 28 ஆயிரமாகும். வீடு பூச்சு வேலைக்கு முன்பே நின்றுவிடும்.

இதே கணக்கை முடிவிலிருந்து தொடங்கினால் வேறொரு விடை கிடைக்கிறது. மொத்தமான 24 இலட்சத்தில் எதிர்பாராச் செலவுக்கெனப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 இலட்சத்து 40 ஆயிரம், முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். வீட்டுக்கு 14 இலட்சம். ஒப்புதல், இணைப்புகள், வாடகை ஆகியவற்றுக்கு 2 இலட்சம். எஞ்சுவது 5 இலட்சத்து 60 ஆயிரம். பதிவுச் செலவும் ஆய்வுச் செலவும் இதற்குள் அடங்க வேண்டுமாதலால், மனைக்குக் கொடுக்கத்தக்க விலை ஏறத்தாழ 5 இலட்சம் ரூபாயே. இதுவே இக்குடும்பத்தின் உச்ச வரம்பு. தரகரைப் பார்ப்பதற்கு முன்னரே இவ்வரம்பு தெரிந்திருக்க வேண்டும்.

9 இலட்சம் ரூபாய் மனையையே வாங்க விரும்பினால் அதற்கும் வழி உண்டு; ஆனால் ஒதுக்கீட்டைத் தொடாமல் கட்டக்கூடிய வீடு 486 சதுர அடிதான். பெரிய மனையில் சிறிய வீடா, எளிய மனையில் தேவையான வீடா என்பதைக் குடும்பம் அறிந்து தேர்ந்தெடுக்கலாம். அறியாமல் இரண்டையும் விரும்பும்போதுதான் இடர் நேர்கிறது.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. விலை குறைந்த மனை பெரும்பாலும் தொலைவில் இருக்கும். தொலைவுக்கும் விலை உண்டு. இரு மனைகளுக்கும் இடையேயுள்ள 4 இலட்சம் ரூபாய் வேறுபாட்டை 9 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 3,600 ரூபாயாகும். பணியிடத்துக்கும் பள்ளிக்கும் சென்றுவரும் கூடுதல் செலவு மாதம் 2,000 ரூபாயானால் தொலைவிலுள்ள மனை இலாபகரமானது. அச்செலவு 3,600 ரூபாயை நெருங்குமானால் அம்மனை மலிவானது அன்று. பயணத்தில் செலவாகும் நேரத்தையும் இத்துடன் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

பதிவு வேறு, உரிமை வேறு

பதிவு அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டால் நிலம் தமதாகிவிட்டது என்று பலர் கருதுகின்றனர். இந்தியச் சட்டத்தின் நிலை அதுவன்று. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனைப் பத்திரம் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். ஆனால் பதிவு செய்யப்படுவது பத்திரமே. விற்பவருக்கு அந்நிலத்தில் உரிமை உண்டு என்று அரசு அதனால் உறுதியளிப்பதில்லை. தமக்கில்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு மாற்ற இயலாது. எனவே உரிமையை ஆராயும் பொறுப்பு வாங்குபவரையே சாரும்.

இவ்வாராய்ச்சிக்கு முதலாவது கருவி மூலப்பத்திரங்களின் தொடர்ச்சியாகும். நிலம் எவரிடமிருந்து எவருக்கு, எவ்வழியில் வந்தது என்பது இடைவெளியின்றித் தெரிய வேண்டும். கடன் வழங்கும் வங்கிகளின் வழக்கறிஞர்கள் பொதுவாக 30 ஆண்டுத் தொடர்ச்சியைப் பார்க்கின்றனர். கடன் பெறாமல் வாங்குவோரும் அதே அளவைக் கைக்கொள்ளுதல் நலம்.

இரண்டாவது கருவி வில்லங்கச் சான்று. பதிவான விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை ஆகியவற்றை அது காட்டும். பதிவாகாதவற்றை அது காட்டாது. பத்திரத்தை ஒப்படைத்துப் பெறப்பட்ட அடமானக் கடன் எல்லா மாநிலங்களிலும் அதில் இடம்பெறுவதில்லை. நிலுவையிலுள்ள வழக்கும், குடியிருப்பவரின் உரிமையும் அவ்வாறே. வங்கிகளின் அடமானங்களைப் பதிந்துவைக்கும் மத்தியப் பதிவகம் 2011 முதல் இயங்கிவருகிறது. கட்டணம் செலுத்தி எவரும் அதில் தேடிப் பார்க்கலாம். விற்பவர் மூலப்பத்திரத்தைக் காட்டாமல் நகலை மட்டும் காட்டுவாராயின் இத்தேடல் தவிர்க்கவியலாதது.

மூன்றாவது, வருவாய்த் துறைப் பதிவேடு. தமிழ்நாட்டில் பட்டா, மகாராஷ்டிரத்தில் ஏழு-பன்னிரண்டு பகுதி, கருநாடகத்தில் பஹணி, பஞ்சாபிலும் ஹரியானாவிலும் ஜமாபந்தி, உத்தரப் பிரதேசத்தில் கதௌனி என்று இது வெவ்வேறு பெயர் பெறுகிறது. பத்திரத்திலுள்ள பெயரும் பதிவேட்டிலுள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். மாறுபட்டிருந்தால் காரணம் கேட்டறிந்து, திருத்தம் முடிந்த பின்னரே மேற்செல்வது பொருந்தும்.

குடும்பச் சொத்தை வாங்குவோர் மகளிரின் பங்கைத் தனியே கவனிக்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-இல் செய்யப்பட்ட திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு உள்ள உரிமையை மகளுக்கும் பிறப்பாலேயே வழங்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. சகோதரர்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்கும் பரம்பரை நிலத்தில் சகோதரியின் பங்கு எஞ்சி நிற்கலாம். அப்பங்கு வழக்காக வரும்போது அந்நிலத்தில் வீடு எழுந்திருக்கும்.

டெல்லி தரும் பாடம்

அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்து நிலத்தை விற்கும் வழக்கம் டெல்லியிலும் அதைச் சுற்றிலும் பல்லாண்டுகள் பரவியிருந்தது. முத்திரைத் தீர்வையைத் தவிர்க்கலாம். மாற்ற இயலாத நிலத்தையும் கைமாற்றலாம் என்பதே காரணம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எவ்வித உரிமையையும் உண்டாக்காது என்று முன்பே கூறியிருந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தி, இத்தகைய பத்திரங்களால் உடைமை மாறாது என்று தீர்ப்பளித்தது.

இப்பத்திரங்களை நம்பி எழுந்த குடியிருப்புகளின் அளவு பின்னர் வெளிப்பட்டது. டெல்லியின் அங்கீகாரமற்ற 1,731 குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு உடைமை உரிமை வழங்க நாடாளுமன்றம் 2019-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் என அரசு மதிப்பிட்டது. வீடு கட்டி, மக்களை வளர்த்து ஆளாக்கிய பின்னரும் வீட்டை ஈடாக வைத்து வங்கிக் கடன் பெற அவர்களால் இயலவில்லை. ஒரு குடும்பம் தீர்வையில் மிச்சப்படுத்திய தொகை, அதன் சொத்தின் பயனையே குறைத்துவிட்டது.

மனைப்பிரிவுகளைப் பொறுத்தவரை 2016-ஆம் ஆண்டின் நிலமனைத் தொழில் ஒழுங்குமுறை, மேம்பாட்டுச் சட்டம் ஒரு பாதுகாப்பாகும். அதன்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்த பின்னரே விற்பனை செய்யலாம். பதிவு பெற்ற ஒப்பந்தமின்றி விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறலாகாது. எனினும் ஆணையத்தின் பதிவு எண் மட்டும் போதாது. வேளாண் நிலம் குடியிருப்பு நிலமாக மாற்றப்பட்டதற்கான ஆணையையும், உள்ளாட்சி அல்லது நகரமைப்புத் துறை ஒப்புதல் தந்த மனைப்பிரிவு வரைபடத்தையும் நேரில் காண வேண்டும். ஒப்புதலற்ற மனையில் கட்டட அனுமதி கிடைப்பது அரிது. கட்டட அனுமதி இல்லையேல் வங்கிக் கடனும் இல்லை.

அளவும் மண்ணும்

நாட்டின் பல பகுதிகளில் நிலம் இன்னும் மரபு அளவைகளாலேயே விலை பேசப்படுகிறது. சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வழங்கும் ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மகாராஷ்டிரத்திலும் கருநாடகத்திலும் வழங்கும் குண்டா 1,089 சதுர அடி. மேற்கு வங்காளத்தில் ஒரு கட்டா 720 சதுர அடி. இருபது கட்டா ஒரு பிகா. ஆனால் பீகாரின் கட்டா அதுவன்று. உத்தரப் பிரதேசத்தின் பிகாவும் வேறு. பணியிட மாற்றத்தால் வேறு மாநிலம் சென்று மனை வாங்குவோர், விலையையும் அளவையும் சதுர மீட்டரிலோ சதுர அடியிலோ மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். பத்திரத்திலுள்ள அளவை, அளவர் ஒருவரைக் கொண்டு நிலத்தில் அளந்து, நான்கு எல்லைகளையும் கல் நட்டு உறுதி செய்த பின்னரே முழுத் தொகையும் கொடுக்கத்தக்கது.

மண்ணின் இயல்பும் விலையின் ஒரு பகுதியே. தக்காணத்தின் கரிசல் மண் மழையில் விரிந்து கோடையில் சுருங்கும். அதன்மீது சாதாரணக் கடைக்கால் அமைத்தால் சுவர்கள் விரிசல் காணும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்கென அடிப்பகுதி விரிந்த தூண் அடித்தள முறையை உருவாக்கியது. தாழ்வான நிலத்தை மேடாக்க எத்தனை சுமை மண் தேவை என்பதும் வாங்குவதற்கு முன்பே கணக்கிடத்தக்கது. மழைக்காலத்தில் ஒருமுறை மனையைச் சென்று பார்த்தால் இவ்விவரங்களில் பெரும்பாலானவை செலவின்றியே தெரிந்துவிடும்.

கடனின் கணக்கு

15 இலட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடன் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 13,500 ரூபாய். திருப்பிச் செலுத்தும் மொத்தத் தொகை 32 இலட்சத்து 39 ஆயிரம். இதே கடனை 15 ஆண்டுகளில் தீர்த்தால் தவணை 15,200 ரூபாயாக உயரும். மொத்தம் 27 இலட்சத்து 39 ஆயிரமாகக் குறையும். மாதம் 1,700 ரூபாய் கூடுதலாகச் செலுத்தும் குடும்பம் 5 இலட்சம் ரூபாயை மிச்சப்படுத்துகிறது. ஆயினும் தவணை எவ்வளவு உயரலாம் என்பதை வருவாய் கொண்டு முடிவு செய்ய வேண்டும். பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் தவணைக்காகக் குறைக்கப்படுமானால் அது சிக்கனம் ஆகாது.

கட்டுமானக் கடன் ஒரே தொகையாக வழங்கப்படுவதில்லை. கடைக்கால், சுவர், தளம் என்று பணி முடிய முடியப் பகுதி பகுதியாக வழங்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதியும் வருமுன்னர் அப்பணிக்குரிய செலவை முன்கூட்டிச் செய்யக் கையில் பணம் வேண்டும். சேமிப்பு முழுவதையும் மனையில் முடக்கிய குடும்பம், கடன் ஒப்புதலாகியிருந்தும் முதற் பகுதியைப் பெற இயலாமல் தவிப்பது இதனாலேயே. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றையும் வங்கிகள் பொதுவாகச் சொத்து மதிப்பில் சேர்ப்பதில்லை. அவை கைப்பணத்திலிருந்தே செலுத்தத்தக்கவை. டெல்லி, ஹரியானா, பஞ்சாப் போன்ற இடங்களில் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் தீர்வை குறைவு.

மத்திய அரசு ஊழியர்க்கு 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி 34 மாத அடிப்படை ஊதியம் வரை, 25 இலட்சம் ரூபாய்க்கு மிகாமல், வீடு கட்டும் முன்பணம் கிடைக்கிறது. இதில் முதலில் அசலும் பின்னர் வட்டியும் பிடித்தம் செய்யப்படும். வங்கிக் கடனோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தல் நலம்.

கட்டுமானச் செலவின் கூறுகள்

சாதாரணச் செங்கல்-கான்கிரீட் வீட்டில் செலவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பொருள்களுக்கும், மூன்றில் ஒரு பங்கு கூலிக்கும் செல்கிறது. சதுர அடிக்கு ஏறத்தாழ 0.4 மூட்டை சிமெண்டும், மூன்றரை முதல் நான்கு கிலோகிராம் கம்பியும் தேவை என்பது கட்டுமானத் தொழிலில் வழங்கும் கணக்கு. 700 சதுர அடிக்கு 280 மூட்டை சிமெண்டும் இரண்டரை டன்னுக்குச் சற்று மேற்பட்ட கம்பியும் என்று குடும்பமே மதிப்பிட்டுக்கொள்ளலாம். மேஸ்திரியிடம் பேசும்போது இக்கணக்கு பயன்படும்.

தளம் போட்டுவிட்டால் வீடு முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் அப்போது செலவில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பகுதியே முடிந்திருக்கும். பூச்சு, தரை, கதவு, சன்னல், மின் கம்பி, குழாய் ஆகியவை எஞ்சியுள்ளன. எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிய தொகையைத் தளத்துக்கு முன்பே தொடும் நிலை வந்தால் அதனை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

சிக்கனத்துக்கு வழிகள் உள்ளன. கேரளத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறைகள் இதற்குச் சான்று. செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' ஏறத்தாழக் கால் பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தும். வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். தளத்தின் அடிப்பாகத்தில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவான இடங்களில் ஓடுகளைப் பதித்தால் கான்கிரீட்டின் அளவும் பளுவும் குறையும். இவற்றில் பயிற்சி பெற்ற கொத்தனார் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

சிக்கனம் செய்யக்கூடாத இடங்களும் உண்டு. 1993-இல் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியிலும், 2001-இல் குஜராத்தின் கச்சு பகுதியிலும் ஏற்பட்ட நிலநடுக்கங்களில் பிணைப்பற்ற கற்சுவர் வீடுகள் பெருமளவில் இடிந்து, உயிர்ச் சேதத்தை விளைவித்தன. அடிமட்டத்திலும், கதவு சன்னல்களுக்கு மேலும், கூரையை ஒட்டியும் சுவர் முழுவதையும் சுற்றிவரும் கான்கிரீட் பட்டைகள் வீட்டை ஒரு பெட்டிபோல் பிணைக்கின்றன. மொத்தச் செலவில் இவற்றின் பங்கு சிறிது. பளிங்குத் தரையைப் பின்னர்ப் போடலாம். பட்டைகளைப் பின்னர்ச் சேர்ப்பது கடினம்.

படிப்படியாக வளரும் வீடு

வீட்டை ஒரே முறையில் முடிக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. முழு வீட்டுக்கும் வரைபட ஒப்புதல் பெற்று, இரண்டு அறைகளும் சமையலறையும் கழிப்பறையும் முதலில் முடித்துக் குடியேறினால் வாடகை அன்றே நின்றுவிடும். மேல்மாடி பின்னர்த் தேவைப்படுமாயின் அதற்கேற்ற அடித்தளத்தைத் தொடக்கத்திலேயே அமைப்பது கட்டாயம். முடிக்கப்பட்ட சிறிய வீடு வாழத்தக்கது; முடிக்கப்படாத பெரிய வீடு அவ்வாறன்று.

அரசுத் திட்டங்களும் இவ்வழியையே பின்பற்றியுள்ளன. ஊரகத்துக்கான பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டபோது, வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர் எனவும், உதவித் தொகை சமவெளியில் 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய், மலைப் பகுதிகளில் 1 இலட்சத்து 30 ஆயிரம் ரூபாய் எனவும் வகுக்கப்பட்டது. பணியின் படிநிலைகளை நிழற்படத்தால் உறுதி செய்து, தவணைகளாகத் தொகை விடுவிக்கப்பட்டது. ஆனால் இத்தகைய உதவியைப் பயன்படுத்த முதலில் மனை வேண்டும். நிலமற்ற ஊரகத் தொழிலாளர்க்கு வீட்டுமனை வழங்கும் திட்டம் 1971-இலேயே தொடங்கப்பட்டது இதனை உணர்ந்துதான். 2020-இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டம், ஆளில்லா வானூர்தி கொண்டு ஊர்க் குடியிருப்புப் பகுதிகளை அளந்து சொத்து அட்டை வழங்குவதும் அதே தேவையின் தொடர்ச்சியே.

வரைபட ஒப்புதலுக்கு வரும் குடும்பத்திடம் மனைக்கு எவ்வளவு சென்றது, வீட்டுக்கு எவ்வளவு எஞ்சியுள்ளது என்ற இரு கேள்விகளை உள்ளாட்சிப் பொறியாளர் கேட்பதில் தவறில்லை. பல குடும்பங்களுக்கு அந்நேரத்தில்கூட வீட்டின் அளவைக் குறைத்துக்கொள்ள வழி உண்டு. அதைவிடச் சிறந்தது, அக்கேள்விகளைக் குடும்பம் தன்னையே முன்பணம் கொடுக்கும் நாளுக்கு முந்தின நாள் கேட்டுக்கொள்வது. அதற்கு வேண்டுவது ஒரு தாளும், அதில் மேலிருந்து கீழாக எழுதப்பட்ட பத்துப் பன்னிரண்டு தொகைகளுமே. மனையின் விலை அத்தாளின் முதல் வரியில் அமையாமல் கடைசி வரியில் அமையுமாயின், தொடங்கிய வீடு முடியும் வாய்ப்பு மிகுதி.